வாப்பா படிக்க விடாத பாடம்

என் தங்கச்சி றுஸ்னா மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் ஒளித்து வைத்தேன் என்று சொல்லக் கூடாது. அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைப் பசை போட்டு ஒட்டியிருப்பாள். கிழமைக்கு ஒரு குடையை பஸ்ஸில் மறந்துவிட்டு வருவாள். சோற்றைப் பிசைந்துகொண்டே புத்தகம் பார்ப்பாள், பக்கமெல்லாம் மஞ்சள் கறை. இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி வயிறெரிவாளா என்று கேட்டால், எரிவாள். நன்றாகவே எரிவாள்.

எங்கள் வீடு உக்குவளையில். ஸ்டேசன் பாதையில் வாப்பா சாலிஹின் மரக்கறிக் கடை. கிழமையில் மூன்று நாள் தம்புள்ளைக்குப் போய் மூட்டை மூட்டையாக ஏற்றி வருவார். கடையை ஒட்டினாற்போல ஒரு ஒடுங்கிய அறை. அதற்குள் ஒரு போட்டோகொப்பி மெசின், ஒரு கம்பியூட்டர், நான். ரியூசன் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் என் கையால்தான் பிரதி ஆகும். உயர்தர இணைந்த கணிதத் தாள் வந்தால் மட்டும் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் எண்ணுவேன். அந்தப் பாடத்தின் முகத்தில் முழிக்க எனக்குப் பிடிக்காது.

போன வருசம் சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று றுஸ்னாவின் சுட்டெண்ணை நான்தான் கம்பியூட்டரில் அடித்தேன். ஒன்பது ஏ. அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள், கடையில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள், உம்மா தெரு முழுக்க டொபி கொடுத்தார். எனக்கு வந்தது எட்டு ஏயும் ஒரு பியும். சித்திரத்துக்கு பி. அந்த ஒரு எழுத்து இத்தனை வருசம் கழித்து வந்து என் தொண்டையில் நின்றது. பெறுபேற்றுத் தாளை அவளுக்கு அச்சடித்துக் கொடுத்தேன், கறுப்பு வெள்ளையில். கலர் மை இருந்தது. போடவில்லை.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லாரும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். வாப்பாவின் தங்கச்சி உம்மு குல்தூம் மாமியும் மாத்தளை டவுனில் இருந்து வந்திருந்தார். மாமிக்குக் குரல் பெரிது, மனசும் பெரிது, இரண்டையும் அவர் அடக்கி வைப்பதில்லை. றுஸ்னா பருப்புக் கறியை ஊற்றிக்கொண்டே தான் கணிதப்பிரிவு எடுக்கப் போவதாகச் சொன்னாள். டவுன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலையும் வர்த்தகமும்தான் இருக்கிறது, பஸ்ஸில் போய் வருவேன் என்றாள். வாப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எடுங்க மகள்," என்றார்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, யோசிப்போம் என்ற பேச்சில்லை. மாமி கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டார். அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"அப்ப மூத்தவள மட்டும் ஏன் நானா விடல்ல? அவ என்ன பாவம் செஞ்சா? அவள விட்டிருந்தா இண்டைக்கு எங்கட குடும்பத்தில ஒரு இன்ஜினியர் இருந்திருக்கும்."

வாப்பா உப்பை எடுத்துத் தரச் சொன்னார். நான் சோற்றுக் கோப்பையில் இருந்த முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி இதை முதல் தடவை கேட்கவில்லை. கலியாண வீட்டில் கேட்டிருக்கிறார், மையித்து எடுக்கும் வீட்டில் கேட்டிருக்கிறார், பெருநாளுக்குப் பெருநாள் கேட்டிருக்கிறார். பாவம் ஸஹ்னா, கெட்டிக்காரி, வாப்பா படிக்க விடாமல் போட்டோகொப்பி அடிக்கிறாள். இதைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. பொய் சொல்லி என்ன பயன், இருந்தது.

சோறு முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது றுஸ்னா பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது.

"உங்கட பங்கையும் சேத்து நான் படிக்கிறேன் தாத்தா," என்றாள்.

கையில் இருந்த கோப்பையைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. உடைக்கவில்லை, அது உம்மாவின் நல்ல செட்.

உண்மை என்னவென்றால், வாப்பா என்னை விட்டார். பத்து வருசத்துக்கு முன்னால் அவரே என்னோடு பஸ் ஏறி வந்து அதே டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். வகுப்பில் பதினான்கு பேர், பெண்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். ஏழு கிழமை போனேன். சாதாரணதரம் வரைக்கும் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொண்ணூற்றெட்டுக்குக் கீழே ஒரு புள்ளியை என் கண் பார்த்ததில்லை. உயர்தரத்தில் ‘விடை காண்க’ என்பதெல்லாம் ‘நிறுவுக’ என்று மாறிவிட்டது. விடையை அவர்களே கேள்வியில் எழுதித் தந்துவிடுவார்கள், அது ஏன் அப்படி வருகிறது என்று நாம் காட்ட வேண்டும். கண் முன்னால் விடை இருக்கிறது, அதுவரைக்கும் போக எனக்கு வழி தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஐந்து வரியில் போய்ச் சேர்ந்தான்.

முதல் பரீட்சையில் எனக்கு இருபத்து மூன்று புள்ளி. வகுப்பில் எட்டுப் பேர் என்னைவிடக் குறைவு. அது எனக்கு ஆறுதலாகவே இல்லை. தாளை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்து மிதித்துக்கொண்டே கடைக்கு வந்தேன். வாப்பா கோவாவின் பழுத்த இலைகளை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏலாது, இனிப் போக மாட்டேன், ஆனால் எனக்கு ஏலாமல் போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் செத்துப்போவேன் என்று அழுதேன். வாப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்க மகள். நான்தான் விடல்ல எண்டு சொல்லுங்க. பஸ்ஸு, பொடியன்மார் படிக்கிற வகுப்பு, எதையாவது சொல்லுவம். வாப்பா விடல்ல எண்டா அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் வாப்பாமார் பெண்பிள்ளையை டவுன் பஸ்ஸில் அனுப்ப மறுப்பது ஒன்றும் புதினமில்லை. அடுத்த நாளே ஒரு கடிதத்தோடு போய் அதிபரிடம் தான் சம்மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதிபர் அவருக்கு அரை மணித்தியாலம் புத்தி சொன்னாராம். கேட்டுக்கொண்டு நின்றாராம். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவில் உட்கார்ந்தேன், பரிதாபத்துக்குரியவளாக.

அந்தப் பொய்க்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுத்ததெல்லாம் வாப்பா. ஒரு தடவை பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்கு அவர் பெயரைச் சொன்னபோது, சொந்தப் பிள்ளையைப் படிக்க விடாத மனுசன் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யப் போகிறார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டாராம். இதை என் கடைக்குப் பிரதி எடுக்க வந்த ஒருவர்தான் என்னிடம் சொன்னார், எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்து. நான் பிரதியை எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் வாப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வருசம் போகப்போக எனக்கே மறந்துபோனது. சத்தியமாகச் சொல்கிறேன், சில நாட்களில் அவர்தான் என்னை விடவில்லை என்று நானே நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

இப்போது றுஸ்னா போகிறாள். நான் ஓடி வந்த அதே வகுப்புக்கு. அவள் வென்றுவிட்டால் நான் தோற்றது வெளியே தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். அவளும் தோற்று வர வேண்டும். இதுதான் என் ஆசை, இதை எந்தத் துஆவிலும் கேட்க முடியாது.

சும்மாவும் இருக்கவில்லை. வகுப்புத் தொடங்கி முதல் கிழமையிலேயே பழைய உயர்தரத் தாள்கள் பத்தைக் கட்டிக் கொடுத்து, இதைச் செய்து பார், பிறகுதான் பாடம் பிடிபடும் என்றேன். இரண்டு வருசம் படித்தவர்களே அதற்கு முன்னால் நடுங்குவார்கள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். பயந்து ஓடட்டும். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்கப் பார்த்தாள். பிறகு வந்து, ஒன்றுமே விளங்கவில்லை, ஆனால் பார்க்க வடிவாக இருக்கிறது என்றாள். வடிவாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நாளும் பொழுதும் அதே பாட்டு. காவி என்றால் திசையும் பருமனும் உள்ளது என்று உம்மாவுக்கு வெங்காயம் உரிக்கும்போது சொல்லிக் கொடுப்பாள். வாப்பா தூக்கிப் போடும் பூசணிக்காயைப் பார்த்து எறியம் என்பாள். உம்மா சிரிப்பார், வாப்பா இன்னொன்றைத் தூக்கிப் போட்டுக் காட்டுவார். அதே வீட்டில் இருந்து ஏழு கிழமை நானும் கணிதப்பிரிவுக்குப் போயிருக்கிறேன், எனக்கு யாரும் பூசணிக்காய் தூக்கிப் போடவில்லை. நான்தான் வாயைத் திறக்கவே இல்லையே, எப்படிப் போடுவார்கள் என்று இப்போது கேட்கலாம். அப்போது கேட்கத் தோன்றவில்லை, எரிந்தது மட்டும்தான்.

தவணைப் பரீட்சை முடிந்தது. ஒரு பின்னேரம் அவள் பஸ்ஸால் இறங்கி நேரே வீட்டுக்குப் போனதைக் கடையில் இருந்து பார்த்தேன். எப்போதும் முதலில் கடைக்குத்தான் வருவாள். நான் மெசினை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். கட்டிலில் குப்புறக் கிடந்து அழுதாள். தாள் மேசையில் விரித்தபடி கிடந்தது. பதினொன்று.

சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். காதெல்லாம் சூடாகிவிட்டது. அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே, பரவாயில்லை தங்கச்சி, எல்லாருக்கும் எல்லாம் வராது, தவணை முடிவதற்குள் வர்த்தகப் பிரிவுக்கு மாறலாம், ஒரு கடிதம் போதும் என்றேன். அவள் தனக்கு ஏலாது போல இருக்கிறது என்று தலையணைக்குள் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கடைக்கு ஓடிப்போய்க் கடிதத்தை நானே அடித்தேன். யாரும் கேட்கவில்லை. பத்து வருசத்துக்கு முன்னால் வாப்பா எனக்காக அதிபரிடம் கொடுத்த கடிதத்தின் சொற்கள் அப்படியே ஞாபகத்தில் இருந்தன. தூரம், போக்குவரத்து வசதியின்மை, பெற்றோரின் சம்மதமின்மை ஆகிய காரணங்களால் எனது மகளை வேறு பிரிவுக்கு மாற்றித் தருமாறு.

மஃரிப் தொழுதுவிட்டு வாப்பா நான் கொடுத்த கடிதத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். றுஸ்னா முகம் கழுவிவிட்டு வந்து, வாப்பாவின் கையில் இருந்து கடிதத்தை வாங்கி வாசித்தாள்.

"பெற்றோரின் சம்மதமின்மை எண்டு இருக்கு. வாப்பாக்குச் சம்மதம்தானே? எனக்கு ஏலாமத்தானே விடுறேன்?"

"அப்பிடியே இருக்கட்டும் மகள்," என்றார் வாப்பா. "நான் விடல்ல எண்டு போட்டா உங்கள ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

அவர் என்னிடம் சொன்ன அதே சொற்கள். இவளுக்கும் தூக்கிக் கொடுக்கிறார். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான், வேறொன்றுமில்லை. அது எனக்கென்று அவர் செய்தது, எனக்கு மட்டும் என்று நினைத்து வைத்திருந்தேன்.

றுஸ்னா வாப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை.

"தாத்தாக்கும் இப்பிடித்தானா?"

உம்மா தேத்தண்ணி ஊற்றுவதை நிறுத்திவிட்டார். வாப்பா கடிதத்துக்குக் கையை நீட்டினார், பேச்சை மாற்றப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. இன்னும் ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவர் ஏதாவது சொல்லி மூடிவிடுவார். நான் இருந்திருக்கலாம். ஏன் இருக்கவில்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் பார்த்த பார்வையில் பரிதாபம் போய்விட்டது, அது போன பிறகு காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேனோ என்னவோ.

"எனக்கு இருபத்து மூணு," என்றேன். "ஏழு கிழமை போனேன். ஏலாம ஓடி வந்துட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். என்னை நம்பவைத்துவிட்டாயே, உன் பங்கையும் படிக்கிறேன் என்றேனே என்று கத்துவாள் என்று பார்த்தேன்.

"இருபத்து மூணா?" என்றாள். "இருபத்து மூணு எடுத்துட்டா விட்டீங்க?"

அந்த முகம் எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் என் கடையின் கண்ணாடிக் கதவில் அதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு என்மேல் பொறாமை. பதினொன்று எடுத்தவள் இருபத்து மூன்று எடுத்தவளைப் பார்த்து வயிறெரிகிறாள். எந்தக் கேள்வி சரி வந்தது, மீதித் தேற்றமா, திரிகோண கணிதமா, ‘நிறுவுக’ ஒன்றாவது முழுசாக வந்ததா என்று கேட்டுக்கொண்டே போனாள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பத்து வருசமாக ஞாபகத்தில் இருந்தது அந்தப் புள்ளி மட்டும்தான். அதைச் சொன்னேன்.

"அந்தத் தாளையாவது வெச்சிருந்திருக்கலாமே," என்று கோபித்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வாப்பாவின் கையில் இருந்த பேனையை வாங்கி, பரீட்சையில் பிழையாகிப்போன கணக்கொன்றை அதிலேயே போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். பிழையாகத்தான் வந்தது. வெட்டிவிட்டு மறுபடி போட்டாள். காலையில் வழக்கம் போல பஸ் ஏறினாள், குடையை மறந்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் தவணையில் அவளுக்குப் பத்தொன்பது. இன்னும் என்னைவிட நான்கு குறைவு. இதை நான் கணக்கு வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், அவளும் வைத்திருக்கிறாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமி குடும்பத்தோடு வந்தார். புரியாணி மணம் வீடு முழுக்க. எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிடும்போது மாமி, எங்கட இன்ஜினியர் எப்படிப் படிக்கிறா என்று கேட்டார். றுஸ்னா வாய் நிறையச் சோற்றோடு, முதல் தவணை பதினொன்று, இப்போது பத்தொன்பது என்றாள். வெட்கமில்லாமல், அப்படியே. நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போல. நான் பத்து வருசமாக ஒரு நாளும் சொல்ல முடியாத ஒன்றை அவள் இறைச்சியைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அவள் மேல் எனக்கு இருந்த பொறாமைகளில் இதுதான் பெரிது. ஒன்பது ஏ எல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"பதினொண்டு எடுக்கிறவள விட்டுட்டு, படிக்கக்கூடியவளக் கடையில பூட்டி வெச்சீங்களே நானா. அல்லாஹ் கேக்க மாட்டானா?"

மாமியின் மகன்மார், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். அவர் சோற்றை விரலால் கூட்டிக்கொண்டிருந்தார், அறுபது வயது மனுசன், பெருநாள் உடுப்போடு. என்னால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"வாப்பா விட்டாரு மாமி," என்றேன். "அவரே கொண்டுபோய்ச் சேத்தாரு. ஏழு கிழமை படிச்சேன். எனக்கு இருபத்து மூணு புள்ளி. ஏலாம நான்தான் ஓடி வந்தேன். அவர் விடல்ல எண்டது பொய்."

மாமி என்னையே பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. எட்டி என் தலையைத் தடவினார்.

"பாத்தீங்களா நானா. பெருநாள் நாள்ல உங்களுக்கு ஒரு சொல் வரக் கூடாதெண்டு தன்னையே மட்டமாப் பேசுது. இப்பிடி ஒரு பிள்ளையையா நீங்க படிக்க விடாம வெச்சீங்க?"

மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் சத்தியம் செய்தேன். பெருநாள் நாளில் சத்தியம் வேண்டாம் மகள் என்று மாமி என் வாயைப் பொத்தினார். தாத்தா சொல்வது உண்மைதான் என்று றுஸ்னா சொன்னாள். நீ பேசாமல் உன் பத்தொன்பதைப் பார் என்றார் மாமி, எல்லாரும் சிரித்தார்கள். அவள் பதினொன்று என்றால் கேட்ட உடனே நம்புகிறார்கள். என் இருபத்து மூன்றை நம்ப அந்த வீட்டில் ஆள் இல்லை. உம்மாவைப் பார்த்தேன், அவர் சமையலறைக்கு எழுந்து போய்விட்டார்.

கடைசியில் வாப்பாவைப் பார்த்தேன். நீங்களாவது சொல்லுங்கள் என்று கண்ணால் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்புத்தான் தங்கச்சி," என்று மாமியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தன் கோப்பையில் இருந்த நல்ல இறைச்சித் துண்டொன்றை எடுத்து என் கோப்பையில் வைத்தார்.